இளவேனில் தோட்டமும் கருணை பற்றிய கேள்வியும்

மாறும் தோட்டம்

மாசி மாதம் பாதி கடந்ததும் தமிழகத்துச் சமவெளித் தோட்டங்களில் ஒலிகள் மாறத் தொடங்குகின்றன. பனிக்காலம் முழுவதும் பெரும்பாலும் குரல் காட்டாமல் இலைச்செறிவுக்குள் இருந்த ஆண்குயில் விடியலுக்கு முன்பே கூவுகிறது. செம்மார்புக் குக்குறுவானின் ‘டொக், டொக்’ என்னும் ஒரே சீரான குரல் வெயில் ஏற ஏற நீள்கிறது. குண்டுக்கரிச்சான் உயர்ந்த கிளையிலோ மின்கம்பியிலோ அமர்ந்து நெடுநேரம் பாடுகிறது. மங்கிய மஞ்சள் உடலும் தொண்டையில் ஒரு கருங்கோடுமாகத் திரிந்த ஆண் ஊதாத் தேன்சிட்டு, கருநீலப் பளபளப்புக்கு மாறிவிடுகிறது. இலையுதிர்த்து நிற்கும் இலவமரமும் கல்யாண முருங்கையும் சிவக்கப் பூக்க, மைனா, சின்னான், இரட்டைவால் குருவி, தேன்சிட்டு, அணில் என எல்லாம் அங்கே கூடுகின்றன. பங்குனியில் வேம்பு பூக்கிறது. புங்கை புதுத் தளிர் விடுகிறது.

வரவு நடக்கும் அதே நாட்களில் செலவும் நடக்கிறது. குளிர்காலம் கழிக்கத் தெற்கே வந்திருந்த ஆறுமணிக்குருவி, சித்திரைக்குள் மத்திய இந்தியக் காடுகளுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் திரும்பிவிடும். சூறைக்குருவிக் கூட்டங்கள் மத்திய ஆசியப் புல்வெளிகளை நோக்கிப் புறப்படும். பழைய தமிழ்க் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனில். காலண்டரில் இளவேனில் பிறப்பதற்கு முன்பே பறவைகளின் உடலில் அது பிறந்துவிடுகிறது.

இதை நடத்துவது பெரும்பாலும் பகல் வெளிச்சம். 1920-களில் கனடாவின் எட்மன்டன் நகரில் வில்லியம் ரோவன், கடுங்குளிர் காலத்தில் ஜங்கோ என்னும் சிறு குருவிகளுக்கு விளக்கொளியால் பகலை நீட்டிக் கொடுத்தார். வெளியே உறைபனி இருந்தபோதும் அவற்றின் இனப்பெருக்கச் சுரப்பிகள் வளர்ந்தன. பறவைகளின் மூளைக்குள்ளேயே ஒளியை உணரும் செல்கள் உண்டு. மண்டையோட்டைக் கடந்து வரும் வெளிச்சத்தை அவை அறிகின்றன. லண்டனில் குளிர்காலப் பகல் ஏறக்குறைய 8 மணி நேரம், கோடைப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். சென்னையில் இந்த வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரந்தான். ஆனால் சிறு வேறுபாடும் போதும் என்பதை, பனாமாக் காட்டின் எறும்புப்பறவைகளைப் பற்றி 1998-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பகல் 17 நிமிடம் நீண்டதையும் அவற்றின் உடல் கணக்கில் எடுத்துக்கொண்டது. வெப்ப மண்டலத்தில் மழையும் உணவும் இதனோடு சேர்ந்து காலத்தை நிர்ணயிக்கின்றன.

தளிர், தளிரைத் தின்னப் புழு, புழுவைத் தின்னக் குஞ்சு என இவை அனைத்தும் ஒரே பருவத்தில் வந்து பொருந்துகின்றன. இந்தப் பொருத்தத்தைக் கண்டவர்கள் பல நாடுகளிலும் பல சமயங்களிலும் ஒரே கேள்விக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இந்த ஒழுங்குக்குப் பின்னால் ஒரு கருணை இருக்கிறதா? இருந்தால், அதே ஒழுங்கில் புழுவுக்கும், உண்ணப்படும் குஞ்சுக்கும் என்ன இடம்?

கூட்டில் தெரிந்த கைத்திறன்

ஒழுங்கைக் கொண்டு இறைவனை நிறுவ முயன்ற சிந்தனை, ஐரோப்பாவில் இயற்கை இறையியல் என்ற பெயரில் வளர்ந்தது. தாவரங்களையும் பறவைகளையும் முறைப்படுத்தி ஆராய்ந்த ஜான் ரே, படைப்பில் வெளிப்படும் இறைஞானத்தைப் பற்றி 1691-இல் ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்தின் செல்போர்ன் என்னும் சிற்றூரில் திருச்சபைப் பணியாற்றிய கில்பர்ட் வைட், தன் தோட்டத்தையும் சுற்றுப்புறத்தையும் ஆண்டுக்கணக்கில் கவனித்துக் குறித்துவைத்தார். 1789-இல் வந்த அவருடைய நூல், வீட்டருகே வாழும் உயிர்களைப் பொறுமையாகப் பார்க்கும் மரபுக்கே அடித்தளமானது. 1802-இல் வில்லியம் பேலி இந்தச் சிந்தனைக்கு முழு வாத வடிவம் கொடுத்தார். கடிகாரம் ஒன்று கிடந்தால் அதைச் செய்தவர் ஒருவர் இருப்பார் என்று கொள்வது போல, கண், சிறகு முதலியவற்றின் அமைப்பும் ஒரு வடிவமைப்பாளரைக் காட்டுகிறது என்பது அவர் வாதம்.

தையல்சிட்டின் கூட்டைப் பார்த்தவருக்கு இந்த வாதத்தின் வலிமை புரியும். பெண்குருவி உயிருள்ள அகன்ற இலையின் ஓரங்களில் அலகால் துளையிடுகிறது. பஞ்சிழையையோ சிலந்தி நூலையோ அதில் செலுத்தி இலையைச் சுருட்டித் தைக்கிறது. உள்ளே மெத்தென்ற நார்களை வைத்து முட்டையிடுகிறது. இலை செடியிலேயே இருப்பதால் வாடுவதில்லை; சுற்றியுள்ள பச்சையோடு கூடும் கலந்துவிடுகிறது. இதைச் செய்யும் குருவியின் எடை பத்துக் கிராமுக்கும் குறைவு. அந்தத் திறனைக் கண்டு ஒருவர் மனம் வணங்கினால் அதில் பிழையேதும் இல்லை. வியப்பு என்பது சமய உணர்வின் மிகப் பழைய ஊற்றுகளில் ஒன்று.

வாதத்தின் குறை, எடுத்துக்காட்டுகளைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. தையல்சிட்டின் கூட்டைச் சாட்சிக்கு அழைப்பவர், அதே தோட்டத்து வேப்பமரக் கிளையில் இருக்கும் காக்கைக் கூட்டையும் அழைத்தாக வேண்டும்.

காக்கைக் கூட்டில் குயில்

குயில் கூடு கட்டுவதில்லை. பெரும்பாலும் காக்கையின் கூட்டில் முட்டையிடுகிறது. ஆண்குயில் குரல் கொடுத்துக் காக்கைகளைச் சீண்ட, அவை அதைத் துரத்திச் செல்லும் வேளையில் புள்ளிகள் நிறைந்த பெண்குயில் கூட்டுக்குள் நுழைவது பலராலும் கவனிக்கப்பட்டிருக்கிறது. குயில் முட்டை காக்கை முட்டையை விடச் சிறியது. ஆனால் நிறத்திலும் புள்ளிகளிலும் அதை ஒத்தது. அது 12 முதல் 14 நாட்களில் பொரிந்துவிடும். காக்கை முட்டை பொரிய மேலும் மூன்று நாளாவது ஆகும். முந்திப் பிறந்து முந்தி வளரும் குயில்குஞ்சு இரையில் பெரும்பங்கைப் பெறுகிறது. காக்கைக்குஞ்சுகளில் சில பிழைக்கின்றன. பல பட்டினியால் சாகின்றன. கருநிறத்தோடு வளரும் குயில்குஞ்சு கூட்டை விட்டு வெளியே வந்த பிறகும், காக்கை அதன் பின்னால் சென்று ஊட்டுகிறது.

குயிலைக் காக்கை வளர்க்கும் செய்தி இந்தியப் புலவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். காளிதாசனின் சாகுந்தலத்தில் துஷ்யந்தன் சகுந்தலையை அவமதிக்கும் காட்சியில் இந்தச் செய்தியையே ஆயுதமாகப் பயன்படுத்துகிறான். பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும் ஐரோப்பாவின் குக்கூப் பறவையைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். கில்பர்ட் வைட்டுக்கு அந்தப் பறவையின் செயல் தாயன்பையே மீறிய அடாத செயலாகத் தோன்றியது. பின்னாளில் அம்மை குத்தும் முறையால் புகழ்பெற்ற எட்வர்ட் ஜென்னர், 1788-இல் இன்னும் கடுமையான உண்மையை வெளியிட்டார். கண் திறவாத குக்கூக் குஞ்சு, கூட்டிலுள்ள மற்ற முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் முதுகில் ஏற்றி வெளியே தள்ளிவிடுகிறது. நம் ஊர்க் குயில்குஞ்சு பொதுவாக அப்படித் தள்ளுவதில்லை. ஆனால் பட்டினியில் சாகும் காக்கைக்குஞ்சுக்கு இந்த வேறுபாட்டால் பயன் எதுவும் இல்லை.

பேலியின் நூலை மாணவப் பருவத்தில் விரும்பிப் படித்தவர் சார்லஸ் டார்வின். ஒரு காலத்தில் பாதிரியாராகவும் எண்ணியிருந்தார். 1859-இல் வெளியிட்ட நூலில் அவர் குக்கூக் குஞ்சின் செயலையும், புழுவின் உடலுக்குள் வளர்ந்து அதைத் தின்னும் குளவிக் குஞ்சுகளின் செயலையும் ஒரே வரிசையில் வைத்தார். இவை தனித்தனியே படைத்தளிக்கப்பட்ட இயல்புகள் என்று கொள்வதை விட, எல்லா உயிர்களுக்கும் பொதுவான ஒரு விதியின் சிறு விளைவுகள் என்று கொள்வதே தன் மனத்துக்கு நிறைவாக இருக்கிறது என்றார். 1860 மே மாதம் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேவுக்கு எழுதிய கடிதத்தில் இதையே சமயக் கேள்வியாக முன்வைத்தார். கருணையும் எல்லையற்ற ஆற்றலும் உடைய இறைவன், உயிரோடிருக்கும் புழுவைத் தின்பதற்கென்றே அந்தக் குளவிகளைத் திட்டமிட்டுப் படைத்தான் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்றார். அதே கடிதத்தில், இந்த வியத்தகு உலகம் வெறும் முரட்டு விசையின் விளைவு என்று முடித்துவிடவும் தனக்கு மனம் வரவில்லை என்றும், இந்தப் பொருள் மனித அறிவுக்கு மிஞ்சியது என்றும் எழுதினார். ஏசா கிரே நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர். பரிணாமமும் இறைநோக்கமும் ஒன்றோடொன்று முரண்படுபவை அல்ல என்று வாதிட்டவர். இருவரும் ஒரே செய்திகளைப் பார்த்தார்கள், வெவ்வேறு முடிவுகளில் நின்றார்கள், நட்பு தொடர்ந்தது.

இந்திய மரபுகள் தந்த விடைகள்

இந்தக் கேள்வி இந்தியச் சிந்தனைக்குப் புதிதன்று. பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் அதை நேராகவே எடுத்துக்கொள்கிறது. உலகில் ஒருவருக்கு இன்பமும் மற்றொருவருக்குத் துன்பமும் நேர்வதால், இறைவனுக்குப் பாரபட்சமும் இரக்கமின்மையும் உண்டென்று ஆகாதா? உயிர்களின் வினையைச் சார்ந்தே இறைவன் அளிப்பதால் அந்தக் குற்றம் அவனைச் சேராது என்பது சூத்திரத்தின் விடை. இதற்கு உரை எழுதிய சங்கரர் மழையை எடுத்துக்காட்டுகிறார். மழை எல்லா விதைக்கும் பொதுவாகப் பெய்கிறது. நெல்லும் வாற்கோதுமையும் வேறுபட்டு முளைப்பது விதைகளின் தன்மையால்.

தமிழ்நாட்டுச் சைவ சித்தாந்தம் இந்த விடையை மேலும் விரித்தது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதமும், அதன் வழிநூலாக அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரும் இதன் அடிப்படை நூல்கள். உயிர்கள் படைக்கப்பட்டவை அல்ல. இறைவனைப் போலவே என்றும் உள்ளவை. ஆணவ மலத்தால் மறைப்புண்ட உயிர், தாவரம் முதல் தேவர் வரையான எழுவகைப் பிறப்புகளில் உடல் எடுத்து, வினையை நுகர்ந்து பக்குவப்படுகிறது. பறவையும் அந்த ஏழில் ஒன்று. இறைவனின் ஐந்தொழில்களுள் அழித்தலும் அருளே. பிறந்து பிறந்து களைத்த உயிருக்கு அது இளைப்பாறுதல் என்று சித்தியார் விளக்குகிறது. இப்படிப் பார்க்கும்போது, பசியால் சாகும் காக்கைக்குஞ்சின் கதை அந்தக் கூட்டோடு முடிவதில்லை.

பௌத்தமும் சமணமும் படைத்தவன் என்ற கருத்தையே ஏற்காதவை. அதனால் படைத்தவனின் கருணையைக் காக்கும் பொறுப்பு அவற்றுக்கு இல்லை. துன்பம் இருக்கிறது என்பதே அவற்றின் தொடக்கம். அசுவகோஷரின் புத்தசரிதம் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. இளவரசர் சித்தார்த்தர் உழவு நடக்கும் வயலுக்குச் செல்கிறார். கொழுமுனை கிழித்த மண்ணில் புல்லும், சிறு புழுபூச்சிகளும் மடிந்து கிடக்கக் கண்டு, சொந்தச் சுற்றத்தார் இறந்தது போலத் துயருறுகிறார். பிறகு நாவல் மரத்தடியில் தனியே அமர்ந்து, பிறப்பையும் இறப்பையும் சிந்தித்து முதல் தியானத்தை அடைகிறார். மற்றவர்கள் உழவை மட்டும் பார்த்த இடத்தில் அவர் மண்ணுக்குள் இருந்ததையும் பார்த்தார். புத்தநெறியின் வரலாற்றில் மிக முன்னதாக வரும் தியானம், சிற்றுயிர்களை உற்றுப் பார்த்ததிலிருந்து பிறந்தது.

இந்த விடைகள் ஆழமானவை. ஆனால் அவற்றைப் பயன்படுத்தும் முறையில் ஒரு தவறு எளிதில் நேர்கிறது. வினைக்கொள்கை உயிரின் நெடும்பயணத்தைப் பற்றிய கோட்பாடு. ஒரு குறிப்பிட்ட குஞ்சு சாவதைக் கண்டு, அதற்கு அதுவே காரணம் என்று சொல்லி முகம் திருப்பிக்கொள்வதற்கு அது கொடுக்கப்படவில்லை. 1865-இல் வடலூர் வள்ளலார் நிறுவிய சன்மார்க்க சங்கத்தின் நெறிக்கு ஜீவகாருண்யம்தான் அடிப்படை. உயிர்கள் தம் வினையால் துன்பப்படும்போது அதை நீக்க முயல்வது இறை ஆணைக்கு மாறாகாதா என்ற தடையை அவர் தாமே எழுப்பி, ஆகாது என்று மறுத்தார். காக்கை கூவினாலும் பருந்து குரல் எழுப்பினாலும் தம் உள்ளம் கலங்கியதை ‘பிள்ளைப் பெரு விண்ணப்ப’த்தில் பதிவு செய்திருக்கிறார். வினையை நம்பியவர் கலங்காமல் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த நம்பிக்கையும் இந்தக் கலக்கமும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும்.

பாடமாகிப் போகும் உயிர்கள்

இயற்கையைப் பார்த்தவர்கள் அதிலிருந்து பாடம் கற்க விரும்பினார்கள். பாகவத புராணத்தின் பதினோராம் கந்தத்தில் ஓர் அவதூதர் தமக்கு ஆசிரியராக அமைந்த இருபத்து நான்கைப் பட்டியலிடுகிறார். வலையில் சிக்கிய குஞ்சுகளைக் கண்டு, தாய்ப்புறாவும் பின்னர் தந்தைப்புறாவும் அதே வலையில் விழுந்து மடிகின்றன. பற்று அழிவைத் தரும் என்பது பாடம். இறைச்சித் துண்டைக் கவ்விய பறவையை மற்றவை தாக்குகின்றன. அதைக் கைவிட்டதும் அது அமைதி பெறுகிறது. உடைமை துன்பம் என்பது பாடம். பட்டியலின் கடைசியில் குளவி வருகிறது. குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து மண்கூட்டில் அடைக்கிறது. புழு அச்சத்தால் குளவியையே நினைந்து நினைந்து குளவியாகவே மாறுகிறது. இறைவனையே எண்ணும் உயிர் அவன் தன்மையை அடையும் என்பதற்கு வேதாந்திகளும் சைவ சித்தாந்திகளும் இதை மிகுதியாகக் கையாண்டார்கள்.

மண்கூட்டுக்குள் நடப்பது வேறு. தாய்க்குளவி புழுவைக் கொட்டிச் செயலிழக்கச் செய்கிறது, கொல்வதில்லை. இரை கெடாமலிருக்க அது உயிரோடு இருக்க வேண்டும். அதனுடன் குளவி தன் முட்டையை வைத்துக் கூட்டை மூடுகிறது. பொரிந்த குளவிக்குஞ்சு புழுவைத் தின்று வளர்ந்து, நாளடைவில் சிறகோடு மண்ணைத் துளைத்து வெளியே வருகிறது. பிரெஞ்சு இயற்கையாளர் ஃபாப்ர் 1879 முதல் வெளியிட்ட நூல்தொகுதிகளில் வேட்டைக்குளவிகளின் வாழ்வை நுணுகி எழுதினார். உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. இடையில் நடந்தது தெரியாதவரை அது அருளால் நேர்ந்த மாற்றமாகத் தெரிந்தது. டார்வினின் நம்பிக்கையை உலுக்கிய குளவிக்கும், அடியாரின் நம்பிக்கைக்கு உவமையான குளவிக்கும் வாழ்க்கைமுறை ஏறக்குறைய ஒன்றுதான்.

இதனால் அந்த ஞானிகள் சொன்ன உண்மை பொய்யாகிவிடவில்லை. தியானத்தால் மனம் மாறும் என்பது புழுவைச் சார்ந்து நிற்கும் உண்மையன்று. ஆனால் பார்ப்பவருக்கு ஓர் எச்சரிக்கை இதில் இருக்கிறது. பாடத்தை எடுத்துக்கொண்ட கணத்திலேயே பார்வை நின்றுவிடுகிறது. புறாவின் துயரம் பற்றுக்கு எடுத்துக்காட்டானதும், புறா மறைந்துபோகிறது. இயற்கையின் ஒழுங்கிலிருந்து இறைவனை நிறுவியவர்களும், அதன் கொடுமையிலிருந்து இறைவனை மறுத்தவர்களும் இந்தத் தவறைச் செய்திருக்கிறார்கள். தேவையான சாட்சி கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திக்கொள்வதே அந்தத் தவறு.

கொடுமையும் துன்பமும்

தோட்டத்தைப் பற்றிய பேச்சில் இரண்டு கருத்துகள் அடிக்கடி ஒன்றாகக் கலக்கின்றன. கொடுமை என்பது செய்பவரைப் பற்றியது; மாற்றுவழி அறிந்திருந்தும் பிறர் துன்புறட்டும் என்று செய்வது. துன்பம் என்பது அனுபவிப்பவரைப் பற்றியது. குயிலுக்குக் காக்கைக்குஞ்சின் பசி தெரியாது. கூடு கட்டும் வேறு வழியும் அதற்கு இல்லை. சின்னான் கூட்டில் குஞ்சைக் கவர்ந்து செல்லும் வல்லூறும் தன் குஞ்சுக்கே அதைக் கொண்டுபோகிறது. இவற்றைக் கொடியவை என்பது, மனித நீதிமன்றத்தின் குற்றச்சாட்டை அதற்கு உட்படாதவர்மேல் சுமத்துவது. குயிலைக் காதலின் தூதாகவும், காக்கையை ஏமாளியாகவும், வல்லூற்றைக் கொலையாளியாகவும் பார்க்கும் கண் இன்னும் மனிதர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் கொடுமை இல்லை என்பதால் துன்பமும் இல்லை என்று ஆகாது. 2012-இல் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியல் அறிஞர்கள், உணர்வுநிலையைத் தோற்றுவிக்கும் நரம்பு அடித்தளம் மனிதருக்கு மட்டும் உரியதன்று, பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் உண்டு என்று ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவில் தொடங்கி மனிதருக்கு ஆறறிவு வரை உயிர்களை வரிசைப்படுத்திய தொல்காப்பிய மரபியலும், உணர்தலை மனிதரிடம் தொடங்கவில்லை.

பறவையின் உணர்வு நம்முடையதைப் போன்றதே என்று கொள்வதும் தவறு. பகலில் திரியும் பறவைகள் பெரும்பாலானவற்றின் கண்ணில் நிறமறியும் கூம்பணுக்கள் நான்கு வகை. மனிதக் கண்ணில் மூன்றே வகை. மனிதர் காணாத புறஊதா ஒளியும் அவற்றின் உலகில் நிறமாக இருக்கிறது. பூத்த இலவமரத்தடியில் நிற்கும் மனிதரும், அதன் கிளையில் இருக்கும் தேன்சிட்டும் ஒரே மரத்தை ஒரே விதமாகக் காணவில்லை. குண்டுக்கரிச்சானின் பாட்டும் அப்படியே. மனிதருக்கு அது விடியலின் இசை. பாடும் பறவைக்கு அது துணைக்கு அழைப்பு, மற்ற ஆணுக்கு எல்லை அறிவிப்பு. 1871-இல் வெளியிட்ட நூலில் டார்வின், பெண்பறவைகளுக்கு அழகை உணரும் சுவை உண்டென்றும், ஆண்களின் நிறமும் பாட்டும் அந்தத் தேர்வால் உருவானவை என்றும் வாதிட்டார். அப்படியானால் தோட்டத்தின் அழகு மனிதருக்காக உண்டாக்கப்பட்டதன்று. அழைக்கப்படாத இடத்தில் மனிதராலும் அதைக் கேட்டு மகிழ முடிகிறது. நன்றியுணர்வுக்கு அதுவே போதும்.

பார்த்தல் என்னும் செயல்

முண்டக உபநிடதம் ஒரே மரத்தில் இணைந்திருக்கும் இரண்டு பறவைகளைக் காட்டுகிறது. ஒன்று பழத்தை உண்கிறது. மற்றொன்று உண்ணாமல் பார்த்திருக்கிறது. இந்த உருவகம் ரிக் வேதத்திலேயே இருக்கிறது. உண்பது வினையை நுகரும் உயிர், பார்ப்பது இறைவன் என்று பிற்கால உரைகள் பொருள் கண்டன. உலகோடு கொள்ளக்கூடிய உறவுகளில் நுகர்தல் ஒன்று, எதையும் வேண்டாமல் காணுதல் மற்றொன்று என்பதை இந்த உருவகம் தெளிவாக்குகிறது. இரண்டாவது உறவு செயலின்மை போலத் தோன்றினாலும், உண்ணும் பறவை தலைநிமிர்ந்து மற்றதைக் காணும்போதுதான் அதன் துயர் நீங்குகிறது என்று உபநிடதம் தொடர்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இதையே அறக்கோட்பாடாக வளர்த்தவர் மெய்யியலாளர் ஐரிஸ் மர்டாக். 1970-இல் வெளிவந்த ‘தி சாவ்ரன்டி ஆஃப் குட்’ நூலில் அவர் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். மனக்கசப்போடும், காயப்பட்ட தன்மதிப்போடும் ஒருவர் சன்னல் வழியே பார்க்கிறார். கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறு காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கிறது. கணத்தில் எல்லாம் மாறுகிறது. அடிபட்ட ‘தான்’ மறைந்து வல்லூறு மட்டும் இருக்கிறது. அறவாழ்வின் பெரிய எதிரி, எப்போதும் தன்னையே சுற்றிவரும் மனம் என்பது மர்டாக்கின் கருத்து. தனக்குப் பயனில்லாத ஒன்றை அதன் போக்கில் கவனிக்கும்போது அந்த வட்டம் உடைகிறது; அதனால் உற்றுப்பார்த்தல் அறத்துக்கான பயிற்சியாகிறது.

மர்டாக்கின் எடுத்துக்காட்டில் அவர் பேசாத ஒரு செய்தியும் இருக்கிறது. அந்த வல்லூறு காற்றில் நிற்பது, கீழே புல்லில் ஓடும் சுண்டெலியைத் தேடி. பார்ப்பவருக்கு அமைதி தந்த காட்சி, எலிக்கு மரணம். முழுமையான கவனம் எலியையும் சேர்த்துப் பார்க்கும். அப்போது கிடைப்பது அமைதி மட்டுமன்று. வியப்பும் துயரமும் ஒன்றையொன்று அழிக்காமல் மனத்தில் சேர்ந்திருக்கும் நிலை. சமய மரபுகளின் சிறந்த இடங்களில் இந்த நிலையே தெரிகிறது. சித்தார்த்தர் துயருற்ற அதே அமர்வில் தெளிவும் பெற்றார். மத்தேயு நற்செய்தியில் இயேசு, வானத்துப் பறவைகளுக்கு இறைவன் ஊட்டுவதாகவும் சொல்கிறார், சிட்டுக்குருவி தரையில் விழுவதையும் சொல்கிறார். விழாது என்று அவர் வாக்களிக்கவில்லை. விழுவது தந்தையின் பார்வைக்கு வெளியே நிகழ்வதில்லை என்கிறார். விழும் குருவியும் காணப்படுகிறது என்ற நம்பிக்கை, மனிதப் பார்வைக்கும் ஒரு கடமையை வகுக்கிறது.

பார்வையிலிருந்து பிறக்கும் நடத்தை

பார்ப்பவர் எப்போது தலையிடலாம் என்ற கேள்வி இதிலிருந்து எழுகிறது. காக்கைக் கூட்டிலிருந்து குயில் முட்டையை எடுத்தெறிவது கருணையாகத் தோன்றலாம். ஆனால் அது ஒரு குஞ்சைக் காக்க மற்றொன்றைக் கொல்வது. குயிலும் காக்கையும் மிக நீண்ட காலமாக ஒன்றையொன்று சார்ந்து நடத்திவரும் வாழ்வில், பாதி அறிவோடு தீர்ப்பு வழங்குவது. தரையில் தத்தும் சிறகு முளைத்த குஞ்சை வீட்டுக்குள் எடுத்துச் செல்வதும் பெரும்பாலும் தீங்கே. தாய்ப்பறவை அருகிலிருந்து ஊட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆபத்து இருந்தால் பக்கத்துப் புதரில் விட்டு விலகுவதே உதவி. இங்கே விலகி நிற்பதும் கவனத்தின் ஒரு வடிவம்.

மனிதர் உண்டாக்கிய துன்பத்தில் நிலைமை வேறு. அங்கே செய்பவருக்கு மாற்றுவழி தெரியும். அதனால் கொடுமை என்ற சொல்லுக்கு அங்கே இடமுண்டு. தேன்சிட்டு தேன் குடித்தாலும் தன் குஞ்சுக்குப் பூச்சியையும் சிலந்தியையுமே ஊட்டுகிறது. தோட்டத்தில் மருந்தடிப்பவர் அந்த உணவை அழிக்கிறார். குக்குறுவான் பட்டுப்போன கிளையைக் குடைந்தே கூடு அமைக்கிறது. பட்டமரம் அழகில்லை என்று வெட்டுபவர் வீட்டை வெட்டுகிறார். மாசி முதல் ஆடி வரை கூடுகளின் காலம். வேலியைக் கத்தரிக்கும் முன் இலைகளுக்கிடையே தைத்த கூடு இருக்கிறதா என்று பார்ப்பது சில நிமிட வேலை. வளர்ப்புப் பூனையை அந்த மாதங்களில் அடக்கிவைப்பது, படத்துக்காகக் கூட்டருகே செல்லாமல் இருப்பது, நிழலில் ஆழமில்லாத தொட்டியில் தினமும் நீர் மாற்றி வைப்பது ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவை. நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பார்ப்பதற்கும் உடைமையாக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டமும் இங்கே ஏற்கிறது.

கணக்கெடுப்பதும் இத்தகைய கவனத்தின் ஒரு வடிவமே. தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பிப்ரவரியில் உலகெங்கும் தோட்டப் பறவைகள் எண்ணப்படுகின்றன. குறைந்தது பதினைந்து நிமிடம் கவனித்து, விருப்பமான பறவை, விருப்பமில்லாத பறவை என்று பிரிக்காமல் கண்டதையெல்லாம் எழுத வேண்டும் என்பது விதி. காக்கையும் மைனாவும் அதில் மாங்குயிலுக்குச் சமம். தேர்ந்தெடுத்துப் பார்க்கும் பழக்கத்துக்கு இது எளிய மருந்து.

முடிவு

இளவேனில் தோட்டம் கருணைமிக்க இறைவனுக்குச் சான்றாகாது. அவன் இன்மைக்கும் சான்றாகாது. தையல்சிட்டின் கூட்டை மட்டும் காட்டி ஒன்றையும், காக்கைக் கூட்டை மட்டும் காட்டி மற்றொன்றையும் நிறுவலாம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு அந்த எளிய வழிகள் அடைபடுகின்றன. நம்பிக்கை உள்ளவர், அதைத் தோட்டத்திலிருந்து பெறாமல் தம் மரபிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் பெற்றுத் தோட்டத்துக்குக் கொண்டுவருகிறார். நம்பிக்கை இல்லாதவருக்கும் இது பொருந்தும். இருவருக்கும் பொதுவாகத் தோட்டம் கேட்பது ஒன்றே: அங்கே இருக்கும் உயிரை, தம் வாதத்துக்கோ பாடத்துக்கோ பயன்படுத்தும் முன், அதன் வாழ்வாகவே காண்பது. அப்படிக் காண்பவருக்குக் குயில் குற்றவாளியுமன்று, தூதுமன்று. காக்கைக்குஞ்சின் பசி மறுக்கப்படுவதுமில்லை. உலகில் கருணை இருக்கிறதா என்ற கேள்விக்குத் தோட்டம் தரும் உறுதியான விடை பார்ப்பவரைப் பற்றியது. குயிலிடமும் குளவியிடமும் கருணையை எதிர்பார்க்க இயலாத இடத்தில், அதை அறிந்தும் செய்தும் காட்டக்கூடிய உயிர் ஒன்று வேலியருகே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. கருணைக்கான பொறுப்பும் அதனுடையதே.